முதலில் பிரேக், பிறகு வால்வு

ஷெட்டில் பல ஆண்டுகள் தூங்கிய அம்பாசிடரை எழுப்பும்போது இரண்டு கோளாறுகள் தவறாமல் தலைகாட்டும். காற்று இருக்கக்கூடாத பிரேக் குழாயில் காற்று இருக்கும். இடைவெளி இருக்க வேண்டிய வால்வில் இடைவெளி இருக்காது. இரண்டையும் சரிசெய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆனால் வேலையின் வரிசை மாறக்கூடாது.

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 மே மாதம் வேலையை நிறுத்தியபோது அம்பாசிடருக்கு ஊரெங்கும் இரங்கல் எழுதப்பட்டது. 1957-ல் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரை அச்சாகக் கொண்டு பிறந்த வண்டி அது. அரை நூற்றாண்டுக்கும் மேல் அமைச்சர்களையும் கல்யாண மாப்பிள்ளைகளையும் சுமந்தது. 2017-ல் அதன் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸின் பெஜோ குழுமம் வாங்கியது. மும்பையின் பிரீமியர் பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் விடைபெற்றுவிட்டது. கொல்கத்தாவில் வாடகை வண்டிகளுக்கு 15 ஆண்டு வயது வரம்பு என்பதால் மஞ்சள் அம்பாசிடர்களும் வருடந்தோறும் குறைந்துகொண்டே வருகின்றன.

டாக்சிகள் குறையும் அதே நேரத்தில் சொந்த வண்டிகளுக்குப் புது மவுசு பிறந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். இதில் ஒரு நிபந்தனை முக்கியமானது. சேஸிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. பழைய என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பானிய டீசலைப் பொருத்தும் குறுக்குவழி இங்கே செல்லாது. இருப்பதைச் சரிசெய்துதான் ஆகவேண்டும்.

அப்படிச் சரிசெய்யப் புறப்படும் உரிமையாளர்களில் பலர் முதலில் கை வைப்பது என்ஜினில்தான். புது பேட்டரி, சுத்தம் செய்த கார்புரேட்டர், இரண்டு உதறல், பிறகு அந்தப் பழைய உறுமல். வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்த நிமிடம் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கத் தோன்றும். விபரீதம் அங்கேதான் இருக்கிறது. கிளம்பாத காரால் யாருக்கும் ஆபத்தில்லை. கிளம்பி, நிற்க மறுக்கும் காரால்தான் ஆபத்து. ஆகவே பிரேக் பிடிக்கும் என்று உறுதியான பிறகே என்ஜினுக்கு வரவேண்டும்.

ஒரே குழாய், ஒரே உயிர்

மார்க் 1, 2, 3 அம்பாசிடர்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டருக்குப் போய், பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்துகிறது. திரவத்தை நெருக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் மிதித்த பலம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. காற்றோ நன்றாகவே சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் காலின் பலத்தில் ஒரு பகுதி அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சுபோல அமுங்கும்.

இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று போனாலும் மற்றது பாதி வண்டியையாவது நிறுத்தும். பழைய வண்டிகளில் அந்த வசதி கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்று. பின் சக்கரத்தில் ஒரு ரப்பர் கிழிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். மிச்சமிருப்பது கை பிரேக்கும் கியரும்தான். ஆகவே ஊறுகிற பிரேக்கை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட இந்த வண்டிகளில் இடமில்லை.

கோளாறு எது என்பதைப் பெடலே பெரும்பாலும் சொல்லிவிடும். அமுக்கினால் பஞ்சுபோல இருந்து, இரண்டு மூன்று முறை அடித்தவுடன் மேலே வந்தால் காற்று இருக்கலாம். அல்லது ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே தூரம் அதிகமாகியிருக்கலாம். காலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறதா? அது கசிவு; வெளியே ஈரம் தெரியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங்கில் கிரீஸோ எண்ணெயோ படிந்திருக்கிறது, அல்லது அது பளபளவென்று இறுகிப்போயிருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு வீல் சிலிண்டர் இறுகிக்கிடக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ‘ஏர் எடுத்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பக்கூடாது.

எண்ணெய் அல்லாத எண்ணெய்

‘பிரேக் ஆயில்’ என்ற பெயரே பல வில்லங்கங்களுக்குக் காரணம். அது எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகை ரசாயனத் திரவம். பெயரை நம்பி, அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றினால் பிரேக்கில் உள்ள ரப்பர் அத்தனையும் ஊதிப் பெருத்து நாசமாகும். பிறகு மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை எல்லா ரப்பரையும் மாற்றி, குழாய்களை அலசினால் ஒழிய மீட்சியில்லை.

இந்தத் திரவத்துக்கு இன்னொரு சுபாவம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இந்த அளவுகள் 230, 155. மலைச்சாலையில் இறங்கும்போது டிரம் சூடாகி, திரவம் கொதித்து ஆவியானால் அந்த ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். காலையில் கல்லாக இருந்த பெடல் மதியம் தரையைத் தொடும். ஈரத்தின் இரண்டாவது சேதம் துரு. கொல்கத்தா போன்ற புழுக்கமான ஊரில் நின்றே கிடந்த வண்டியின் வீல் சிலிண்டரைப் பிரித்தால் உள்சுவரில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் தெரியும். புது ரப்பர் போட்டாலும் அந்தக் குழி அதைக் கிழித்துவிடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது இதற்காகத்தான். ஊதா நிற சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதனுடன் கலக்கவே கூடாது.

காற்றை வெளியேற்றும் முறை

ஏர் எடுப்பதற்கு முன் நான்கு வேலைகள் இருக்கின்றன. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை கொடுக்கக்கூடாது. டிரம்மைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நுரையீரலுக்கு நல்லது. மூன்றாவதாக, ஷூவை டிரம்மில் உரசும்வரை நெருக்கி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் ஏர் எடுத்தால் எத்தனை பாட்டில் திரவம் செலவழித்தாலும் பெடல் உயராது. நான்காவது, திரவத் தொட்டியின் மூடியையும் அதன் சுற்றுப்புறத்தையும் துடைப்பது. திறக்கும்போது உள்ளே விழும் ஒரு சிட்டிகை மண் மாஸ்டர் சிலிண்டரைக் கெடுக்கப் போதும்.

இனி ஏர் எடுக்கலாம். மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது மரபு. நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநரும் மாஸ்டர் சிலிண்டரும் வலது பக்கம். எனவே வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒவ்வொரு சக்கரத்தின் பின்புறத் தகட்டிலும் உள்ள பிளீடர் நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருக வேண்டும். டியூபின் மறுமுனை, கொஞ்சம் பிரேக் திரவம் ஊற்றிய கண்ணாடி பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். மூழ்காமல் இருந்தால் வெளியே போன காற்று அதே வழியில் திரும்பி வரும்.

இது இரண்டு பேர் வேலை. உள்ளே இருப்பவர் பெடலை நிதானமாக அமுக்கிப் பிடிக்கிறார். கீழே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்று திறக்கிறார். திரவமும் குமிழியும் டியூபில் ஓடும்; பெடல் இறங்கும். இறங்கிய பெடலை அப்படியே பிடித்திருக்க, கீழே நிப்பிள் மூடப்பட வேண்டும். ‘மூடிவிட்டேன்’ என்ற குரல் வந்த பிறகே பெடலிலிருந்து கால் எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வேலை முழுவதும் வீண். குமிழி நின்று தெளிந்த திரவம் மட்டும் வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை தொட்டியில் அளவு பார்த்து ஊற்றிக்கொண்டே இருப்பது அவசியம். தொட்டி ஒருமுறை காலியானால் முதல் சக்கரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

பழைய வண்டிக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. பெடலைத் தரைவரை மிதிக்கக்கூடாது. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் கொஞ்ச தூரமே போய் வருகிறது. அதற்கு அப்பால் உள்ள பகுதியில் வருடக்கணக்கில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும் உற்சாகத்தில் முழுதாக மிதித்தால் ரப்பர் கப் அந்தத் துருவில் உரசிக் கிழியும். காலையில் கொஞ்சம் பஞ்சாக இருந்த பிரேக் மாலையில் அறவே இல்லாமல் போகும் மர்மம் பெரும்பாலும் இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் போதும்.

நிப்பிள் துருப்பிடித்து அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டக்கூடாது. துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் தட்டித் தட்டித் திறக்க வேண்டும். முறிந்துபோனால் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டும். வெளியே வந்த திரவத்தை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் திரும்பத் தொட்டியில் ஊற்றுவது தவறு. அது பெயின்ட்டையும் அரிக்கும். ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் பெடலைக் கையால் தொட்டால் உறுதியாக நிற்பதற்கு முன் ஒரு சிறு தளர்வு தெரிய வேண்டும். பெடல் தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள அந்த நூலளவு இடைவெளி குறை அல்ல. அது இல்லையென்றால் திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட ஓட அழுத்தம் ஏறி, மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொள்ளும். ‘பெடலில் ஆட்டம் இருக்கிறது’ என்று அதையும் நெருக்கிவிடும் சுறுசுறுப்பான கைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

அமைதி ஆபத்தானது

பிரேக் பிடித்துவிட்டது. இனி பானெட்டைத் திறக்கலாம்.

தொடக்க கால அம்பாசிடரில் சைடு வால்வு என்ஜின் இருந்தது. 1959-ல் அதன் இடத்துக்கு பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் ‘பி சீரீஸ்’ குடும்பத்தைச் சேர்ந்த 1,489 சிசி ஓவர்ஹெட் வால்வு என்ஜின் வந்தது. எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஓடிய குடும்பம் அது. அதனால் உலகெங்கும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்களும் உதிரி பாகங்களும் இன்றும் உண்டு.

இந்த என்ஜினில் கேம் ஷாஃப்ட் கீழே, வால்வுகள் மேலே. நடுவில் புஷ் ராடும் ராக்கரும். ராக்கரின் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருக்கும். மெக்கானிக் மொழியில் டாப்பெட் கிளியரன்ஸ். என்ஜின் சூடானால் வால்வுத் தண்டு நீளும்; நீள இடம் வேண்டும். இடைவெளி இல்லையென்றால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெருமளவு இறக்கிவைப்பது மூடியிருக்கும் நேரத்தில், தான் அமரும் சீட் வழியாகத்தான். அந்தத் தொடர்பு அறுந்தால் அனல் வாயு விளிம்பு வழியே சீறி, வால்வைத் தின்றுவிடும்.

இடைவெளி இருப்பதால் ராக்கர் வால்வைத் தட்டும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். புதிதாகப் பழைய கார் வாங்கியவர்களுக்கு இந்தச் சத்தம் பிடிப்பதில்லை. மெக்கானிக்கிடம் சொல்லி அதை அடக்கிவிடுவார்கள். சில மாதம் கழித்து ஒரு சிலிண்டர் அடிக்காமல் போகும். கை தேர்ந்த மெக்கானிக்குகள் நேர் எதிராகவே கவலைப்படுவார்கள். சீராகத் தட்டும் டாப்பெட்டை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. தட்டிக்கொண்டிருந்த டாப்பெட் தானாக அடங்கிப்போனால்தான் ஃபீலர் கேஜைத் தேடுவார்கள்.

தானாக எப்படி அடங்கும்? அதற்கு பெட்ரோலின் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்டது. அது நஞ்சு, நீக்கியது நல்ல காரியம். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்காக ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டும் என்றானது. ஆனால் அந்த ஈயம் பழைய என்ஜின்களுக்கு ஒரு ரகசிய உதவி செய்துவந்தது. எக்ஸாஸ்ட் வால்வின் சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பும் இரும்பும் நேராக மோதாமல் காத்தது. பி சீரீஸின் பழைய ஹெட் வார்ப்பிரும்பு. சீட் தனியாகப் பதிக்கப்பட்டதல்ல, ஹெட்டிலேயே குடைந்தது. படலம் போனபின், அனலில் வால்வும் சீட்டும் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். சீட் உள்வாங்கினால் வால்வுத் தண்டு ராக்கர் பக்கம் உயரும். இடைவெளி குறையும். சத்தம் அடங்கும். உரிமையாளர் மகிழ்வார். அந்த நேரத்தில்தான் வால்வு எரியத் தொடங்கியிருக்கும்.

ஒன்பதின் கணக்கு

இடைவெளியைச் சரிபார்ப்பது ஒரு மணி நேர வேலை. இந்த என்ஜினுக்கு வழக்கமான அளவு 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர், வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் கையேடு சொல்வதே சரி. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால், பம்பர் வழியே செருகும் அந்தப் பழைய ஹாண்டிலால் என்ஜினைச் சுலபமாகச் சுற்றலாம்.

வால்வுகள் மொத்தம் எட்டு. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 என்று எண்ணிக்கொள்ள வேண்டும். எதை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒன்பதின் கணக்கு இருக்கிறது: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதே, அளவு பார்க்க வேண்டிய வால்வு. எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவது. ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவது. இப்படியே எட்டும் முடியும். ஃபீலர் கேஜின் தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகு அசைந்து அளவு மாறிவிடும் என்பதால் இறுக்கியபின் மறுபடி பார்க்க வேண்டும். அளவு சரியாக வைத்தும் ஒரு ராக்கர் மட்டும் கத்தினால் அதன் நுனியில் குழி விழுந்திருக்கலாம். தகடு குழியின் மேல் பாலம்போல நிற்பதால் உண்மையான இடைவெளி தெரியாது. மருந்து ராக்கரில் இருக்கிறது. இடைவெளியை மேலும் குறைப்பதில் இல்லை.

இந்த வரிசையில் 1, 4, 5, 8 ஆகியவை எக்ஸாஸ்ட் வால்வுகள். நடுவில் உள்ள 4, 5 இரண்டும் ஒரே வாயில் வழியாக அனலை வெளியேற்றுகின்றன. அங்கேதான் சூடு அதிகம். சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவையும் அவைதான்.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

‘வால்வு போச்சு, ஹெட்டை இறக்கணும்’ என்ற தீர்ப்பை உடனே ஏற்கத் தேவையில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பார்த்தால் உண்மை தெரியும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஏறக்குறைய சமமா என்பது முக்கியம். ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் சில சொட்டு என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு உயர்ந்தால் கோளாறு பிஸ்டன் ரிங்கில். உயராவிட்டால் வால்வில். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். காலையில் கிளப்பியதும் நீலப்புகை வந்து பிறகு அடங்கினால் அது வால்வு கைடு தேய்ந்ததன் அடையாளம்.

வால்வுதான் என்று உறுதியானால் ஹெட்டை இறக்க வேண்டும். எட்டு ஓட்டை போட்ட அட்டையில் வால்வுகளை எண் வரிசையில் செருகி வைப்பது நல்ல பழக்கம். ஒரு சீட்டில் பழகிய வால்வை இன்னொன்றில் போடக்கூடாது. விளிம்பு எரிந்த வால்வைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். லேசாகப் புள்ளி விழுந்திருந்தால் பேஸ்ட் தடவி உள்ளங்கைகளுக்கு இடையே குச்சியை உருட்டித் தேய்க்கலாம். முதலில் முரட்டுப் பேஸ்ட், பிறகு நைஸ். சுற்றிலும் ஒரே அகலத்தில், அறாத சாம்பல் வளையம் வந்தால் போதும். பேஸ்ட் துளிகூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். அது என்ஜினுக்குள் போனால் பேரிங்கையும் அரைக்கும். வால்வுகளை ஸ்பிரிங்கோடு மாட்டி, வாயில் வழியே மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தால் கசிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சீட் உள்வாங்கிய ஹெட்டுக்கு இந்தத் தேய்ப்பு உதவாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளேதான் போகும். அதற்கு மெஷின் ஷாப்பில் சீட்டைக் குடைந்தெடுத்து, கடினமான உலோக வளையத்தைப் பதிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் நான்குக்குச் செய்தாலே ஈயமற்ற பெட்ரோலின் தொல்லை ஒழியும். ஆனால் எல்லா வண்டிக்கும் இது இப்போதே தேவை என்பதில்லை. சீட் தேய்வது நீண்ட நேரம் வேகமாக ஓடும்போதுதான் அதிகம். வருடத்துக்கு இரண்டு ஊர்வலமும் பத்து ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் வண்டிக்கு, இடைவெளியை அவ்வப்போது அளந்து வந்தாலே போதும். அளவு தொடர்ந்து குறைந்தால் மட்டும் ஹெட்டை இறக்கலாம்.

பெட்ரோலில் இப்போது வேறொரு மாற்றம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல, மாற்ற வேண்டும். எத்தனால் கலந்தால் கலவையில் எரிபொருளின் பங்கு மெலியும். அதை ஈடுகட்ட கார்புரேட்டரைச் சரிசெய்யாவிட்டால் பாரம் விழுவது மறுபடியும் எக்ஸாஸ்ட் வால்வின் மேல்தான்.

பாகங்களுக்குப் பஞ்சமில்லை. கொல்கத்தாவில் மல்லிக் பஜார், தில்லியில் காஷ்மீரி கேட், மும்பையில் சோர் பஜார் என்று தேடிப் போனால் கிடைக்கும். இரும்புச் சாமானைப் பழையதாக வாங்கலாம். பிரேக் ரப்பர் கிட்டைப் பழைய இருப்பாக வாங்கவே கூடாது. பத்து வருடம் அலமாரியில் கிடந்த ரப்பர், உறை பிரிக்காமல் இருந்தாலும் கிழடுதான்.

முதல் ஓட்டம்

வேலை முடிந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரும் முன் பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நான்கு சக்கரங்களின் உள்பக்கத்திலும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கை பிரேக் தனியாக வண்டியை நிறுத்துகிறதா என்பதும் தெரிய வேண்டும். ஒரே சுற்றுள்ள வண்டிக்கு அதுதான் கடைசி நம்பிக்கை. ஆள் இல்லாத மைதானத்தில் நடை வேகத்தில் சில முறை நிறுத்திப் பார்த்து, பிறகு 20 கிலோமீட்டர் வேகம். சில கிலோமீட்டர் ஓடி இறங்கியதும் டிரம்களுக்கு அருகே கையைக் கொண்டுபோனால், மற்றவற்றைவிட அனலாக இருக்கும் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று புரியும். ஹெட்டை இறக்கி ஏற்றியிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மறுபடி இறுக்கி, டாப்பெட் இடைவெளியையும் திரும்ப வைக்க வேண்டும்.

கிளவ் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். பிரேக் திரவம் மாற்றிய தேதி, எட்டு வால்வுகளின் இடைவெளி, அன்றைய கிலோமீட்டர். எழுதுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். இந்த என்ஜினைச் சத்தத்தை வைத்தே எடைபோட்ட தலைமுறை மெக்கானிக்குகள் மஞ்சள் டாக்சிகளோடு சேர்ந்து ஓய்வு பெற்று வருகிறார்கள். அவர்கள் காதில் வைத்திருந்த கணக்கை இனி வண்டிக்காரர் காகிதத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நாலாவது வால்வில் போன வருடம் பதினைந்தாக இருந்த அளவு இந்த வருடம் ஒன்பது என்று அந்த நோட்டு காட்டினால், எவ்வளவு சத்தமில்லாமல் என்ஜின் ஓடினாலும் அடுத்த ஊர்வலத்துக்கு முன் ஹெட்டை இறக்கிவிடுவது நல்லது.